பரணில் எதை ஏற்றலாம்? ஒரு வீட்டின் பருவக்கால ஒதுக்கல்: நிகழ்வு ஆய்வு

என் தங்கை வீட்டுப் பரணிலிருந்து அந்தக் காலணிப் பெட்டியை இறக்கியபோது உள்ளே இருந்த ஜோடி புதுசு போலத்தான் இருந்தது. மலையேற்றத்துக்கென்று வாங்கியது, நான்கைந்து தடவைக்கு மேல் போட்டதில்லை. தங்கையின் கணவர் காலை நுழைத்து இரண்டு அடி வைத்தார். அடிப்பாகம் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொடிந்து தரையில் கொட்டியது. மிச்சமிருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது.

இந்த வகைக் காலணிகளின் அடியில் பாலியூரித்தேன் நுரை இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தோடு அது மெல்ல வினைபுரிந்து தன் பிடிப்பை இழந்துவிடும். நீராற்பகுப்பு என்று இதற்குப் பெயர். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இன்னும் வேகமாக நடக்கும்.

“பத்திரமா வச்சதுதான் அக்கா கெட்டுப்போச்சு” என்றாள் தங்கை.

அவள் சொன்ன அந்த ஒரு வரிதான் இந்த ஆய்வுக்குக் காரணம். பருவம் மாறும்போது வீட்டில் எதையெல்லாம் எடுத்து உள்ளே வைப்பது என்ற கேள்வியை அந்த வீட்டில் யாருமே கேட்டதில்லை. ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று தோன்றினால் போதும், பொருள் பரணுக்குப் போய்விடும். மூன்று ஆண்டுகள் இப்படியே போயிருந்தது. ஒருநாள் என்னை அழைத்து, “நீ வந்து ஒரு தடவை பாரு. இந்தத் தடவையாவது ஒழுங்கா பண்ணணும்” என்றாள். நான் போய் ஒரு பருவம் முழுக்கக் கூடவே இருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டின் நிலை

இரண்டு படுக்கையறை. ஐந்து பேர்: தங்கை, கணவர், அவருடைய அம்மா, 11 வயதுப் பெண், 4 வயதுப் பையன். பொருள் வைக்க மூன்று இடங்கள். குளியலறைக்கு மேலே பரண், மேற்குப் பார்த்த பால்கனியில் ஓர் இரும்பு அலமாரி, இரண்டு கட்டில்களுக்கும் அடியில் உள்ள இடம்.

முந்தைய ஆண்டில் நேர்ந்த சேதத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். காலணி போயிற்று. இரண்டு கம்பளி ஸ்வெட்டர்களில் ஓட்டை. கூடாரத்தின் உட்புறம் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றம் எடுத்தது. அதன் உட்பூச்சும் பாலியூரித்தேன்தான், அதுவும் கொஞ்சம் ஈரத்தோடு மடிக்கப்பட்டிருந்தது. டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. இவற்றோடு பணத்தில் கணக்கிட முடியாத ஒன்றும் நடந்திருந்தது. பருவம் தவறிய ஒரு குளிர் ராத்திரியில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனபோது ரூம் ஹீட்டர் பரணின் கடைசி மூலையில், எட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஏணி போட்டு இறக்கியிருக்கிறார்கள்.

முதலில் இடத்தை அளந்தோம்

பொருள்களை இறக்குவதற்கு முன்னால் இடங்களைப் பார்த்துவிடலாம் என்றேன். தங்கைக்குக் கொஞ்சம் பொறுமையில்லை. ஆனால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. எங்கே வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் எதை வைப்பது என்று முடிவெடுக்க முடியாது. சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் நான்கு நாள் வைத்து, காலை, மதியம், ராத்திரி என்று குறித்தோம். 11 வயதுக்காரி இந்த வேலையை ஏற்றுக்கொண்டு ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

பரணில் காலை ஏழு மணிக்கு 58%. எல்லோரும் குளித்து முடித்த பிறகு 76%. மதியம்தான் மெல்ல இறங்கியது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் துணி, தோல், காகிதம் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். குளியலறைக் கதவைத் திறந்து வைத்தால் ஆவி நேராக மேலே ஏறிப் பரணில் தங்கிவிடுகிறது. அந்த வீட்டில் கம்பளியும் தோல் பையும் ஆல்பமும் இத்தனை நாள் அங்கேதான் இருந்தன.

பால்கனி அலமாரிக்கு வேறு பிரச்சினை. மாலை நான்கு மணிக்கு உள்ளே 43 டிகிரி. மெழுகுவர்த்திகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பக்கத்திலேயே இரண்டு ஸ்ப்ரே டப்பாக்கள். 50 டிகிரிக்கு மேல் சூடுபடக் கூடாது என்று அவற்றின் மேலேயே அச்சிட்டிருக்கும். இன்னும் நல்ல வெயில் வந்தால் அந்த அளவைத் தொட ரொம்ப நேரம் ஆகாது. அன்றைக்கே அவற்றை எடுத்துவிட்டோம்.

கட்டிலுக்கு அடியில்தான் எண்கள் சீராக இருந்தன. தூசி வரும், உயரம் குறைவு. ஆனால் ஈரமோ வெப்பமோ பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ‘மறைவா இருக்கட்டும்’ என்று நல்ல பொருள்களைப் பரணில் ஏற்றிவிட்டு, பழைய செய்தித்தாளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தார்கள். வீட்டிலேயே பொருளுக்கு நல்ல இடத்தைக் காகிதக் கட்டு பிடித்திருந்தது.

அப்புறம் குளியலறையில் ஒரு பழக்கத்தை மாற்றினார்கள். குளித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓட விடுவது. ஒரு வாரத்தில், எல்லோரும் குளித்து முடித்த பிறகு பரணில் எடுத்த அளவு 76-லிருந்து 64-க்கு இறங்கியது. அப்போதும் கம்பளிக்கு அது நல்ல இடமில்லை. பிளாஸ்டிக் சாமான்களுக்கும் விசிறிக்கும் போதும்.

“எந்த மாசம் இறக்குவோம்?”

ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கினோம். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: இதை மறுபடி எந்த மாதம் எடுப்பீர்கள்?

கடைசியாக எப்போது பயன்படுத்தினோம் என்றுதான் பொதுவாகக் கேட்பார்கள். பருவக்காலப் பொருளுக்கு அந்தக் கேள்வி சரிப்படாது. ரஜாய் என்ற கனமான பஞ்சுப் போர்வையை எட்டு மாதமாகத் தொட்டிருக்க மாட்டோம், ஆனால் குளிர் வந்ததும் அது இல்லாமல் முடியாது. கடந்த காலத்தைக் கேட்டால் அது தேவையில்லாத பொருளாகத் தெரியும், வரும் மாதத்தைக் கேட்டால்தான் அதன் இடம் தெரியும். திரும்பி வரும் மாதத்தைச் சொல்ல முடிகிற பொருள்தான் பருவக்காலப் பொருள். மாதம் சொல்ல முடியாவிட்டால் அதற்கு வேண்டியது வேறொரு முடிவு. பரணில் ஏற்றினால் அந்த முடிவு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ரஜாய், ஹீட்டர், கம்பளித் தொப்பி, கையுறை, காற்றடைக்கும் குழந்தைக் குளம், இரண்டு மேசை விசிறி, மழைக்கோட்டு ஆகியவற்றுக்கு உடனே பதில் வந்தது. ஒரு பழைய மானிட்டர், உடற்பயிற்சி சைக்கிள், கால் உடைந்த நாற்காலி, தையல் இயந்திரம், மூன்று பெட்டி பழைய பள்ளிப் புத்தகங்கள் வந்தபோது கூடமே அமைதியாகிவிட்டது. “எப்பவாவது தேவைப்படும்” என்றார் தங்கை கணவர். அந்த ‘எப்பவாவது’வைத் தனியாக ஒரு மூலையில் சேர்த்து வைத்தோம். பரணில் பாதிக்கு மேல் நிரப்பியிருந்தது அந்த மூலைதான். இடம் போதவில்லை என்று மூன்று ஆண்டுகளாகப் புலம்பிய வீடு அது.

பருவம் எல்லோருக்கும் ஒன்றில்லை

நான் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு பாடம் கிடைத்தது. ஹீட்டரையும் கம்பளிச் சால்வையையும் ‘ஏழு மாதம் கழித்து’ என்ற குவியலில் வைத்தபோது மாமியார் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, “வெயில் நாள்லயும் விடியக்காலம் எனக்குக் கால் ஜில்லுன்னு ஆயிடுதும்மா. சொன்னா இவங்களுக்கு வேலை அதிகமாகும்னு விட்டுட்டேன்” என்றார்.

முந்தைய ஆண்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஏணி போட்ட கதை அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வயதானவர்களுக்கு உடம்புச் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் திறன் குறையும். ஓர் இளைஞர் உணராத குளிரை அவர்கள் உணர்வார்கள். காலண்டரைப் பார்த்து வீட்டுக்கே ஒரு பருவத்தை நாங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். அவருடைய உடம்புக்கு அந்தக் காலண்டர் பொருந்தவில்லை. சால்வை, ஒரு ஜோடி காலுறை, மெல்லிய கம்பளி ஆகியவை அவருடைய அலமாரியிலேயே ஆண்டு முழுக்க இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஹீட்டரையும் பரணில் ஏற்றவில்லை. துடைத்து, உறை போட்டு, அவர் கட்டிலுக்கு அடியில் முன்வரிசையில் வைத்தோம்.

பையனின் விஷயம் இதற்கு நேர்மாறு. அவனுடைய ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கத் தங்கை மடித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 6 செ.மீ. வளரும். எட்டு மாதம் கழித்து எடுத்தால் கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கும். அவனுக்கே போட்டுப் பார்த்தோம். இப்போதே சரியாக இருந்ததெல்லாம் கொடுக்கும் பைக்குப் போயிற்று. ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்த மழைக்கோட்டு மட்டும் நின்றது. நல்ல துணியை எடுத்து வைக்காமல் கொடுப்பது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த குளிரிலேயே இன்னொரு குழந்தைக்கு உதவும் என்று தெரிந்ததும் அவளே துவைத்து மடித்துக் கொடுத்தாள்.

கம்பளி

ஓட்டை விழுந்த ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்துப் பட்டியிலும் அக்குளுக்குக் கீழேயும் மட்டும் ஓட்டைகள், ஒவ்வொன்றும் மிளகு அளவு. முதுகுப் பக்கம் சுத்தமாக இருந்தது. மடிப்புக்குள் மெல்லிய பட்டு நூல் மாதிரி ஒரு படலமும் மணல் மாதிரி எச்சமும் கிடந்தன. அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. பறக்கும் பூச்சி துணியைத் தின்னாது. அதன் புழுதான் கம்பளி, பட்டு, இறகு, ரோமம் இவற்றிலுள்ள புரதத்தைத் தின்று வளரும். வியர்வையும் உடம்பு எண்ணெயும் படிந்த இடங்கள் அதற்கு இன்னும் பிடிக்கும். அதனால்தான் கழுத்தும் அக்குளும்.

“ஒரு தடவைதானே போட்டோம், துவைக்காம வச்சிடலாம்னு நினைச்சேன்” என்றாள் தங்கை. பெரும்பாலான வீடுகளில் கம்பளி கெடுவது இந்த நினைப்பால்தான். ஒரு தடவை போட்ட துணியும் அழுக்குத் துணிதான். வெள்ளைச் சட்டையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வியர்வைக் கறைகூட, ஆறு மாதம் பெட்டியில் இருந்தால் மஞ்சளாக வெளியே வரும். கஞ்சி போட்ட பருத்தியை அப்படியே மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும்.

சேதமில்லாத கம்பளிகளைத் துவைத்து, நிழலில் இரண்டு நாள் முழுசாக உலர்த்தினோம். சந்தேகமாக இருந்த ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் -18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தோம். முட்டையும் புழுவும் அதில் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியின் மேல் ஈரம் படியும்.

அந்துருண்டை போடலாமா என்று மாமியார் கேட்டார். நான் வேண்டாம் என்றேன், இதில் எனக்குத் தயக்கமில்லை. நாப்தலின் உருண்டை வேலை செய்வது அதன் ஆவியால். மூடிய பெட்டிக்குள் ஆவி அடர்த்தியாக இருந்தால்தான் பூச்சி சாகும். திறந்த பரணில் இரண்டு உருண்டை போட்டால் பூச்சி சாகாது, வீட்டில் இருப்பவர்கள்தான் சுவாசிப்பார்கள். வெள்ளையாக, மிட்டாய் போல இருப்பதால் சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். 4 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் மூடி இறுக்கமான பெட்டியும் துவைத்த துணியுமே போதும்.

பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டோம். அதற்கும் மூடிய பெட்டி வேண்டும். திறந்த இடத்தில் அது கொஞ்ச நேரத்தில் நிறைந்துபோய்ச் சும்மா கிடக்கும்.

மின்சாதனங்கள், பேட்டரிகள்

இங்கே வேலை சுலபம்தான், ஆனால் விட்டுவிட்டால் பொருளே போய்விடும். டார்ச், கடிகாரம், பொம்மை ரிமோட் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றினோம். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் தொட்ட பஞ்சால் டார்ச்சின் முனைகளைத் துடைத்தோம். டார்ச் பிழைத்துக்கொண்டது.

சார்ஜ் செய்யும் கைவிசிறி இரண்டு இருந்தன. தங்கை கணவர் முழுசாகச் சார்ஜ் போட்டு எடுத்து வைப்பது வழக்கம். லித்தியம் அயன் பேட்டரி முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் திறன் குறையும். காலியாக வைத்தாலோ ஒரேயடியாகச் செத்துவிடலாம். பாதிச் சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைப்பதுதான் நல்லது. அந்த விசிறிகள் இரண்டும் பால்கனி அலமாரியிலிருந்து உள்ளே வந்தன.

மேசை விசிறிகளின் இறக்கையைக் கழற்றிக் கழுவி, வயரை இறுக்கிச் சுற்றாமல் வளையமாக விட்டுக் கட்டினோம். ரப்பர் பேண்ட் வேண்டாம் என்று துணி நாடா போட்டோம். ரப்பர் பேண்ட் ஒரு வெயில் காலத்தில் உருகி வயரோடு ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி, எடை, வரிசை

அட்டைப்பெட்டி ஒன்றுகூட வைக்கவில்லை. அட்டை ஈரத்தை இழுக்கும், அதன் பசையைக் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தின்னும். மூடி உள்ள பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பெட்டிகள் ஆறு வாங்கினார்கள், ஒளி ஊடுருவுகிற வகை. தோல் பைக்கு மட்டும் பருத்தித் துணி உறை. தோலைப் பிளாஸ்டிக்கில் கட்டி வைத்தால் உள்ளேயே ஈரம் தங்கிப் பூஞ்சை பூக்கும்.

காற்றை உறிஞ்சும் பைகளைத் தங்கை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். செயற்கைப் பஞ்சு ரஜாய்களை அதில் வைத்தோம், இடம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. இறகு நிரப்பிய போர்வையை மட்டும் வைக்கவில்லை. இறகுகளுக்கு நடுவில் தேங்கும் காற்றுதான் சூட்டைத் தடுத்து வைப்பது. மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் அது பழையபடி உப்பி வராது. ஒரு பெரிய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டுக் கட்டிலடியில் வைத்தோம்.

பரணுக்கு ஏறும் எந்தப் பெட்டியும் 12 கிலோவைத் தாண்டக் கூடாது என்று நாங்களே ஒரு வரம்பு வைத்துக்கொண்டோம். ஏணியில் நின்று தலைக்கு மேல் தூக்குகிற எடை அது. ஒவ்வொரு பெட்டியின் குறுகிய பக்கத்திலும் உள்ளே என்ன, யாருடையது, எந்த மாதம் இறங்கும் என்று மூன்று விவரம். முதலில் இறங்கப்போவது முன்னால். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். பின்னால் “கையுறை எங்கே?” என்ற கேள்விக்கு ஏணி தேவைப்படவில்லை.

ஆல்பங்கள் கூடத்து அலமாரிக்கு வந்துவிட்டன. இரண்டு பக்கங்களில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, இழுத்துப் பிரிக்க விடவில்லை. இழுத்தால் படத்தின் முகமே உரிந்து வந்துவிடும். படங்களுக்குப் பருவம் கிடையாது. அசல் ஆவணங்களுக்கும் கிடையாது.

நான் தவறாகக் கணித்தது

பெரியவர்களின் குளிர் உடைகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்கச் சொன்னது நான்தான். மூன்றாவது மாதம் தங்கை கணவருக்கு வேலை நிமித்தமாக ஒரு குளிர்ப் பிரதேசத்துக்குப் போக வேண்டி வந்தது. முழுப் பெட்டியையும் இறக்கி, பிரித்து, ஒரு ஜாக்கெட்டை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். போட்டோ இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் அந்த வேலை தேவையில்லாதது. மாமியார் விஷயத்தில் தெரிந்துகொண்டதை மற்றவர்களுக்கும் நான் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். இப்போது ஆளுக்கு ஒரு ஜோடி கனமான உடை கையெட்டும் இடத்திலேயே இருக்கிறது.

பருவம் முடிந்து பெட்டிகளைத் திறந்தபோது கம்பளிகளில் புதிய ஓட்டை ஒன்றும் இல்லை. ரஜாயில் வாடை இல்லை. ஒரு பெட்டியில் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. மூடியின் ஒரு கொக்கி சரியாக விழாததுதான் காரணம். நேரத்தோடு பார்த்துவிட்டோம், கொக்கியை மாற்றினார்கள்.

‘எப்பவாவது’ மூலையைப் பரணில் ஏற்றவில்லை. எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி படுக்கையறைச் சுவரோரம் வைத்து, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை ஒட்டினோம். மானிட்டர் இரண்டாவது மாதமே மின்கழிவு சேகரிப்புக்குப் போயிற்று. நாற்காலியைப் பழுதுபார்த்தார்கள், இப்போது பெண் அதில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். பள்ளிப் புத்தகங்களில் ஒரு பெட்டி நூலகத்துக்கு, ஒரு பெட்டி பழைய காகிதத்துக்கு. மூன்றாவது பெட்டியைத் தங்கை தனக்கென்று வைத்துக்கொண்டாள். உடற்பயிற்சி சைக்கிளை மாமியார் மெதுவாக மிதிக்கத் தொடங்கியிருக்கிறார். காலுக்குச் சூடு வருகிறதாம்.

தையல் இயந்திரம் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது. ஒட்டிய தேதி போன வாரம் முடிந்துவிட்டது. தங்கை அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.